இரண்டாவது கோடு

விரலைக் குத்துமுன் கையைத் தேய்த்துச் சூடாக்குவேன். ரப்பர் பால் வெட்டியும் செம்பனைக் குலை தூக்கியும் காய்த்துப்போன விரலில் ஊசி லேசில் இறங்காது. நுனியை விட்டு ஓரமாகக் குத்தினால் வலி குறைவு. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததைப் பரிசோதனைப் பட்டையில் விட்டால், பத்து இருபது நிமிடத்தில் கோடு விழும். இரண்டு கோடு என்றால் ஹெப்பட்டைட்டிஸ் சி கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்திருக்கிறது.

அந்த 'எப்போதோ'தான் தொல்லை. கிருமி இன்னும் இருக்கிறதா என்று அறிய மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். "அடுத்த வாரம் வாங்கண்ணே" என்றால் பலர் வருவதில்லை. அதனால் அன்றே, அதே நாற்காலியில் எடுத்துவிடுகிறேன்.

நான் தாதியாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, கூடவே ரிபாவிரின். ஆறு மாதமோ ஒரு வருடமோ. காய்ச்சலும் சோர்வும் தாங்காமல் பாதியில் விட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிறகு சோஃபோஸ்புவிர் வந்தது. அப்போது அமெரிக்காவில் மாத்திரை ஒன்று 1,000 டாலர். சுங்கைப்பட்டாணி லோரி டிரைவர் எங்கே போவார்? 2017 செப்டம்பரில் மலேசிய அரசு காப்புரிமையை ஒதுக்கிவைத்து மலிவான பிரதியை வாங்க வழிசெய்தது. அதற்கு முன்பே, சோஃபோஸ்புவிருடன் ராவிடாஸ்விர் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வு மலேசியாவிலும் தாய்லாந்திலும் தொடங்கியிருந்தது. முன்னின்றவர்களில் ஒருவர் நம் கெடாவின் அலோர்ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனையில் அப்போது இருந்த டாக்டர் முகமட் ராட்சி அபு ஹசான். 301 பேரில் 97 விழுக்காட்டினர் குணமானார்கள். கல்லீரல் சுருங்காதவருக்கு 12 வாரம் போதும். 2021-இல் ராவிடாஸ்விருக்கு இங்கே அனுமதி கிடைத்தது. கெடாக்காரர்கள் இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டு நான் கேட்டதில்லை.

இந்தக் கிருமி பழைய ரத்த ஏற்றத்தாலும் வரும், போதை ஊசியாலும் வரும். மனைவியை வைத்துக்கொண்டு எப்படி வந்தது என்று கேட்டால் "பச்சை குத்தினேன், மிஸி" என்றுதான் பதில். முதல் நாள் நான் கேட்பதே இல்லை.

பீடோங் பக்கத் தோட்டத்துக்காரர் ஒருவர், ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, கிருமி இல்லை என்ற அறிக்கையோடு போனவர், மறு வருடம் கோபமாக வந்தார். வேலைக்கான பரிசோதனையில் மறுபடியும் இரண்டு கோடு. "ஏமாத்திட்டீங்களே, மிஸி!"

பட்டை காட்டுவது கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. குணமானபின்னும் அது ரத்தத்தில் கிடக்கும். இதை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டு, மலாயிலும் தமிழிலும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். இப்போது எல்லாருக்கும் கொடுக்கிறேன். அவர் அதை ஐ.சி. அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.