ஒன்பது வோல்ட்

திருத்தணிப் பக்கம் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் நண்பர் ஒருநாள் போனில் சொன்னார்: "போட்டிக்குப் பசங்க செஞ்ச ரோபோ ஓடுது, பாதியில நின்னுடுது. அதச் சரிபண்ண ஒருத்தர் வர்றாரு. நீ வந்து அவரப் பாரு." ரோபோவைப் பார்க்க அவர் கூப்பிடவில்லை. வருகிற ஆளைப் பார்க்கத்தான் கூப்பிட்டார். கிளம்பினேன்.

நான் போன கனகம்மாசத்திரம் சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையில் இருக்கிறது. தக்கோலத்துக்குச் சாலை பிரியும் கூட்டுரோடு. ரயிலில் வருகிறவர்கள் திருவாலங்காட்டில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. இந்தப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் இன்றும் நிறைய. ரோபோ செய்த அணியில் இருந்த ஐந்து பேரும் நடுநடுவே தெலுங்கில்தான் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அவர்கள் வேலை செய்த இடம், அணியில் ஒருவனுடைய அப்பாவின் விசைத்தறிக் கொட்டகை. நான்கு தறிகளில் இரண்டு நின்றுபோய்விட்டதால் அந்த இடம் கிடைத்தது. அலுமினியச் சட்டம், நான்கு மோட்டார்கள், முன்னால் ஒரு கேமரா, நடுவில் யுபிஎஸ்ஸில் போடுகிற 12 வோல்ட் பேட்டரி, அதன் பக்கத்தில் ஒரு பழைய வைஃபை ரூட்டர். கேமராப் படம் ரூட்டர் வழியாக லேப்டாப்புக்கு வரும். ஓட்டுகிறவர் கொடுக்கும் கட்டளை அதே வழியில் ரோபோவுக்குப் போகும். ரூட்டர் செத்தால் ரோபோ செத்தது. நிரல் எழுதிய கதையை மாணவர்கள் வெகுநேரம் சொன்னார்கள். அதை விட்டுவிடுகிறேன், கோளாறு அதில் இல்லை.

தறி மோட்டார்தான் சிக்னலைக் கெடுக்கிறது என்று மாணவர்கள் உறுதியாக நம்பினார்கள். நண்பர் சொன்ன ஆள் பைக்கில் வந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். தோள்பையில் கிரிம்பிங் டூல், சால்டரிங் அயன், மல்டிமீட்டர். அந்த வட்டாரத்தில் கேபிள், இன்டர்நெட் இணைப்பு இழுக்கிறவர். எல்லோரும் அவரை 'லைன் அண்ணா' என்கிறார்கள். லேப்டாப்பை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரூட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்: 9 வோல்ட், 0.6 ஆம்பியர். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பேட்டரியில் வைத்துக்கொண்டு, "டேய், வண்டிய ஒரே தூக்கா முன்னால தள்ளு" என்றார். மோட்டார்கள் கிளம்பிய கணத்தில் 12-க்கு மேல் இருந்த எண் ஏழுக்குச் சரிந்து மறுபடி ஏறியது. ரூட்டரின் விளக்குகள் அணைந்து, ஒவ்வொன்றாக மீண்டும் எரிய ஆரம்பித்தன.

"சிக்னல்லாம் ஒண்ணியும் இல்ல சார். ரூட்டருக்குச் சோறு பத்தல."

மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். சிறிய பேட்டரியால் அதைத் தாங்க முடியாது, வோல்ட் விழும். மாணவர்கள் 12-ஐ 9-ஆகக் குறைக்கும் ஒரு மாட்யூலைப் போட்டிருந்தார்கள். அது குறைக்க மட்டுமே தெரிந்தது. உள்ளே வருவதே ஏழு என்றால் ஒன்பதை எங்கிருந்து தரும்? ரூட்டர் ஒருமுறை அணைந்தால் மீண்டும் எழ ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடிக்கும். சில நிமிட ஆட்டத்தில் ஒரு நிமிடம் போனால் அந்த ஆட்டம் போனதுதான்.

அமெரிக்காவில் 1992-லிருந்து நடக்கும் ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியிலும் இதே தலைவலிதான். அங்கே ரேடியோ எனப்படும் ரூட்டருக்கென்று தனி மின்னழுத்தச் சீராக்கி பல ஆண்டுகள் இருந்தது. ரோபோவின் மூளையாக இருக்கும் ரோபோரியோ, பேட்டரியின் வோல்ட் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் முதலில் மோட்டார்களைத்தான் நிறுத்தும். கை கால் ஓய்ந்தாலும் காது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்தப் போட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிராத லைன் அண்ணா அன்று செய்ததும் அதுவே. குறைக்கவும் ஏற்றவும் தெரிந்த பக்-பூஸ்ட் மாட்யூல் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். மோட்டார் வயரோடு சேராமல் பேட்டரி முனையிலிருந்தே அதற்குத் தனி வயர் இழுத்தார். மாட்யூலில் இருக்கும் கடுகளவு திருகை டெஸ்டரால் திருப்பி, மீட்டரில் 9.0 வந்ததும் நிறுத்தினார். ரூட்டரின் மின்செருகி குலுக்கலில் கழன்றுவிடும் என்று அதைச் சூடான பசையால் ஒட்டினார். அமெரிக்க மாணவர்களும் பல ஆண்டுகள் இதைத்தான் செய்தார்கள்.

அவர் கதையைக் கேட்டேன். அப்பா அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டியவர். இவர் ஐ.டி.ஐ. முடித்து, ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலைக்கு உதிரிபாகம் செய்த சின்னக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத்தில் சேர்ந்தார். நாள் முழுக்க ஒரே வேலை, சால்டரிங் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை நின்றது. பின்னாலேயே இவர் வேலையும் போனது. ஊருக்கு வந்து கேபிள் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பம் ஏறினார். இன்றைக்கு ஃபைபர் இழுக்கிறார். மாதச் சம்பளம் கிடையாது, ஒரு இணைப்புக்கு இவ்வளவு என்று காசு. பி.எஃப். இல்லை. கம்பத்திலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்தபோது ஆஸ்பத்திரிச் செலவு அவருடையதே.

இங்கே எனக்குக் கோபம் வருகிறது. ரோபோட்டிக்ஸுக்குப் பணமே இல்லாத நாடல்ல இது. அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கினார்கள். பத்தாயிரம் பள்ளிகளுக்கு அது போயிருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் பணம் வரும் இடத்தில் பெட்டி விற்கிறவர்களும் வந்துவிடுகிறார்கள். இந்த மாணவர்களிடம் 'வயர்லெஸ் கிட்' என்று ஒருவர் முன்பு விற்ற பெட்டியை எனக்குக் காட்டினார்கள். உள்ளே இருந்தது கடையில் கிடைக்கிற சாதாரண ரூட்டர், மேலே புது ஸ்டிக்கர், விலை பல மடங்கு. அட்மின் பாஸ்வேர்டைக் கொடுக்கவில்லை. சேனல் மாற்ற வேண்டுமென்றாலும் அவர்கள் ஆள்தான் வர வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். படிக்கிற பிள்ளைகள் கையில் ஒரு கருவியைக் கொடுத்து அதைத் திறக்காதே என்பது கொள்ளை. மின்சாரத்தையும் அலையையும் விரல் நுனியில் வைத்திருக்கிற தொழிலாளி அதே ஊரில் கம்பத்தின்மேல் நிற்கிறார். எந்தப் பட்ஜெட்டிலும் அவருக்கு ஒரு தலைப்பு கிடையாது. பயிற்றுநர் என்று அவரைக் கூப்பிட்டு அரைநாள் கூலி கொடுக்கப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சட்டத்தில் வழி வேண்டும்.

பழைய ரூட்டர்கள் அவரிடம் மூட்டையாகக் கிடக்கின்றன. ஃபைபருக்கு மாறிய வீடுகள் தூக்கிப்போட்டவை. பொருள் வாங்கச் சென்னை ரிச்சி தெரு வரை போகாதீர்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டார். அதில் இரண்டு அலைவரிசை உள்ள ஒன்றைத் தேடிப் பொறுக்கிக் கொடுத்தார். காரணம் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். போட்டி மண்டபத்தில் நூற்றுக்கணக்கான போன்கள் அவற்றில் அடைந்துகிடக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018-இல் மத்திய அரசு அதில் பெரும்பகுதியை உரிமம் இல்லாமலே பயன்படுத்தத் திறந்துவிட்டது. 2012-இல் செயின்ட் லூயிஸில் நடந்த ஃபர்ஸ்ட் இறுதி ஆட்டங்களில் ரோபோக்கள் ஆடுகளத்திலேயே தொடர்பற்று நின்றன. கூட்டத்தில் ஒருவர் தன் போனிலிருந்து களத்து வைஃபைக்குள் நுழைய முயன்றது அதற்குக் காரணங்களில் ஒன்று என்று விசாரணை சொன்னது. இதைச் சொன்னபோது லைன் அண்ணா உடனே கேட்டார்: "அப்ப பேர மறைச்சு, பாஸ்வேர்ட நீளமா வெச்சிருந்தாங்களா?" அந்தப் போட்டியில் ஒவ்வொரு அணிக்கும் தனிச் சாவி உண்டு, அணி எண்ணே முகவரியும் ஆகும். 1234-ஆம் அணியின் ரேடியோ 10.12.34.1 என்றேன். அது அவருக்குப் பிடித்துவிட்டது. ரோபோவுக்கும் லேப்டாப்புக்கும் மாறாத முகவரி கொடுக்கச் சொல்லி, எண்களைக் காகிதத்தில் எழுதி ரோபோவின் முதுகிலேயே ஒட்டவைத்தார். ரூட்டரை அலுமினியச் சட்டத்துக்குள்ளிருந்து எடுத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் குழாயில் ஏற்றினார்.

போட்டியன்று அவரையும் அழைத்துப்போக நண்பர் கேட்டார். "அன்னிக்கு லைன் வேல இருக்கு சார். போவலன்னா காசு இல்ல." பிறகு, வயரிங் பார்க்கிற மாணவியைக் கூப்பிட்டார். தான் திருகி வைத்த மாட்யூலைக் கழற்றி, திருகை முழுக்கக் கலைத்து அவள் கையில் கொடுத்தார்.

"நீ வை பாப்பா. நான் பாக்கறன்."

அவள் வைத்தபோது மீட்டர் 11.4 காட்டியது. ரூட்டரை மாட்டப் போனவளைத் தடுத்தார். டெஸ்டரைத் திருப்பித் திருப்பி 9.1 வந்தது. "இது போதுமா அண்ணா?"

"போதும். இப்ப மாட்டு. மோட்டார ஓட்டிக்கினே இன்னொரு வாட்டி பாரு."