ஸ்பீக்கர் பெட்டிக்குள் தலையணைப் பஞ்சு!

மதுரையில் தெருத் தெருவாகக் கோலமாவும் கல் உப்பும் விற்கிறவர் அவர். டி.வி.எஸ் எக்ஸ்.எல் வண்டிதான் கடை. பின்னால் மூட்டைகள், முன்னால் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி. கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போனதால், பத்தாவது படிக்கும் மகளின் குரலைப் பதிவு செய்து பென் டிரைவில் போட்டுக்கொண்டார்.

மகளுக்குக் கணீர் குரல். ஆனால், பெட்டி வழியாக வரும்போது குடத்துக்குள் பேசுகிற மாதிரி கேட்டது. மாடி வீட்டுக்காரர்கள் புரிந்துகொண்டு இறங்கி வருவதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும். "பழைய இரும்புக்காரர்னுல்ல நெனச்சேன்" என்றார் ஒரு அக்கா. சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். வியாபாரம் கூடவில்லை, கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் திட்டுதான் கூடியது. திட்டியதில் தப்பும் இல்லை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு என்கின்றன, 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்.

ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் பெட்டியைத் திறந்தார். உள்ளே வெறும் பிளைவுட். ஸ்பீக்கரின் கோன் முன்பக்கம் ஒலியைத் தள்ளுவதுபோலவே பின்பக்கமும் தள்ளுகிறது. பின்னால் போனது சுவர்களில் மோதித் திரும்பி, அந்த மெல்லிய கோன் வழியாகவே கசிந்து, அடுத்து வரும் சொல்லோடு கலந்து குழப்புகிறது. காலி வீட்டில் பேசினால் எதிரொலிக்கும், பாய், மெத்தை, துணிமணி வந்ததும் அடங்கிவிடும் இல்லையா? அதே கதைதான். பஞ்சு இழைகளுக்குள் காற்று உரசும்போது அந்த ஒலி அடங்கிவிடுகிறது. புது வித்தை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954-ல் கொண்டுவந்த ஏ.ஆர்-1 ஸ்பீக்கருக்குள்ளேயே கண்ணாடி இழை இருந்தது. அது கையில் பட்டால் அரிக்கும். வீட்டு வேலைக்குத் தலையணைப் பஞ்சே போதும்.

மனைவி தையல்காரர். முதலில் பழைய மெத்தையின் பருத்திப் பஞ்சை வைத்தார். ஐப்பசி மழையில் அது ஈரம் இழுத்துக் கட்டி தட்டி, ஒரே பூஞ்சை வாடை. அடுத்து, தலையணைக்கு வாங்கி வைத்திருந்த ரெக்ரான். பாலியஸ்டர் என்பதால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளாது. ஆனால், தலையணைக்கு அடைப்பதுபோல அமுக்கி அடைத்ததில் பலன் இல்லை. வெளியே எடுத்து, கையால் பிய்த்து உதிரியாக்கினார். பத்து லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டிக்கு 100 கிராமுக்குக் கொஞ்சம் மேலே பிடித்தது. வண்டி குலுங்குகிற குலுங்கலில் இழைகள் கோனில் போய் உரசக் கூடாதே என்று, கொசுவலைத் துணியில் பை தைத்து அதற்குள் போட்டதுதான் அவருடைய சொந்த யோசனை. கடைக்காரருக்கே அது தோன்றவில்லை.

பஞ்சு வைத்ததால் சத்தம் கூடிவிடாது. 'கோலமாவு' என்பது கோலமாவு என்றே கேட்கும், அவ்வளவுதான். வால்யூமை முன்பிருந்ததைவிடக் குறைத்துத்தான் வைக்கிறார்.

விஷயம் பரவி, கீரை விற்கிறவர் தன் வண்டியில் இருந்த கூம்பு ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு ஏது பெட்டி? ஒலி போகிற வழியிலேயே அல்லவா பஞ்சை வைக்க வேண்டியிருக்கும்!

"வேணாம்ணே... வாயில துணியை அடைச்ச மாதிரி ஆயிரும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார் தையல்கார அம்மா.