கிராம்பு குத்திய ஆரஞ்சு

போன நவம்பரில் ஒரு நாள். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் குளிர் கோட்டைக் கழற்றிப் படுக்கையறை அலமாரிக்குள் வைத்துச் சாத்தினாள்.

"ஏம்மா, எப்பவும் போல வாசல்லயே மாட்டலாமே?"

"அங்க மாட்டினா சாம்பார் வாசம் ஒட்டிக்குதுப்பா. கிளாஸ்ல சிரிக்கிறாங்க."

என்னிடம் பதில் இல்லை. ஆபீஸ் சட்டையைத் தனி அறையில் உலர்த்துவதும், தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்துவதும் நான்தானே! நியூரம்பெர்க் வந்து எட்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

டிசம்பர் முதல் வாரம், கிராம்பு குத்திய ஒரு ஆரஞ்சுப் பழத்தை ரிப்பன் கட்டி ஏந்தி வந்தாள். வகுப்பில் செய்தார்களாம். "மோந்து பாருப்பா, இதுதான் கிறிஸ்மஸ் வாசம்!"

எனக்குப் பிரியாணி ஞாபகம்தான் வந்தது. அன்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் கெட்ட காற்றுதான் கொள்ளைநோயைக் கொண்டுவருகிறது என்று நம்பினார்கள். வசதி உள்ளவர்கள் வாசனைப் பொருட்களை உருண்டையாக்கி, சின்னக் கூட்டில் அடைத்துக் கழுத்திலோ இடுப்பிலோ தொங்கவிட்டுக்கொண்டார்கள். பெயர் பொமாண்டர். கிராம்பு குத்திய ஆரஞ்சு அதன் எளிய வீட்டு வடிவம். அந்தக் கிராம்பு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளிலிருந்துதான் வந்தது.

எங்க ஊரின் பெருமையான லெப்கூக்கனும் அப்படித்தான். பக்கத்துக் காடுகளில் தேன் தாராளம். வியாபாரிகள் வழியாக மசாலாவும் வந்து சேர்ந்தது. பட்டை, கிராம்பு, ஏலம், ஜாதிக்காய், கூடவே கொத்தமல்லி விதை! இதே வகைப் பலகாரத்துக்கு இன்னொரு பெயர் 'மிளகுக் கேக்'. அந்தக் காலத்தில் தூரதேசத்து மசாலா எல்லாவற்றையும் பொதுவாக 'மிளகு' என்றே சொன்னார்களாம். மிளகு மலபாரிலிருந்து, நல்ல பட்டை இலங்கையிலிருந்து. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கியதும் இந்த வாசத்தைத் தேடித்தான்.

தெற்கே ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் இன்னொரு வழக்கம். கிறிஸ்மஸுக்கும் ஜனவரி 6க்கும் இடைப்பட்ட இரவுகளில் தணல் சட்டியில் குங்கிலியம் போட்டு, வீடு, தொழுவம் எல்லாம் புகை காட்டுவார்கள். போனில் அம்மாவிடம் சொன்னேன். "நாம வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுறதில்லையா, அதுதானே!" என்றார், ஆச்சரியமே இல்லாமல்.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதி கேட்டாள், பாதி கொட்டாவி. சரி, விட்டுவிட்டேன்.

விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை அவளுடைய தோழி விளையாட வந்திருந்தாள். நான் பிரியாணிக்கு நெய்யில் பட்டை, கிராம்பு, ஏலம் போட்டேன். தோழி சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "லெப்கூக்கன் சுடுறீங்களா?" என்றாள்.

மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்று சொன்னாள்: "இல்ல, இது பிரியாணி. எங்க வீட்ல வருஷம் பூரா இந்த வாசம்தான்."

கோட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. பெருங்காயத்துக்கு இங்கே ஒரு கிறிஸ்மஸ் கதை கிடைக்கிற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும். சமையலறைக் கதவை மட்டும் நான் இப்போது சாத்துவதில்லை.