ரகுபீர் நகர் பழந்துணிச் சந்தை

தலைநகரில் நெடுநாள் குடித்தனம் நடத்திய தமிழ்க் குடும்பங்களில், பழைய துணியைக் கொடுத்து எவர்சில்வர் பாத்திரம் வாங்காத குடும்பம் ஒன்றிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கரோல்பாக்கிலாகட்டும், ராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்புகளிலாகட்டும், ஜனக்புரியிலாகட்டும், தலையில் பாத்திரக் கூடையும் தோளில் துணி மூட்டையுமாகக் குரல் கொடுத்துக்கொண்டு வரும் குஜராத்திப் பெண்களை நம் வீட்டு ஸ்திரீகள் நன்கு அறிவார்கள். ஆயினும் வாசற்படியில் அரை மணி நேரம் பேரம் பேசிக் கட்டிக்கொண்டு போகும் அந்த மூட்டை எங்கே போகிறது, யார் கைகளில் என்னவாக மாறுகிறது, அதைக் கொண்டு எத்தனை வகையான மனிதர்கள் ஜீவனம் நடத்துகிறார்கள் என்பதை விசாரித்தறிந்தவர் நம்மில் சிலரே. அதை நேரில் காண வேண்டுமென்ற அவாவினால், மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றில், எங்கள் தெருவுக்குப் பல வருஷங்களாக வந்து போகும் ஓர் அம்மாளின் துணையோடு, மேற்கு தில்லியில் ராஜௌரி கார்டனுக்கு அப்பால் உள்ள ரகுபீர் நகருக்குச் சென்றேன்.

அங்குள்ள சந்தையைக் கோடா மண்டி என்கிறார்கள். ஊர் உறங்கிக்கொண்டிருக்கும் நாலு மணிக்கே அது கூடிவிடுகிறது. மற்றக் கடைவீதிகள் கதவு திறக்கும் வேளையில் கலைந்தும் போகிறது. குளிர்காலப் பனிமூட்டத்தினிடையே, திறந்த வெளியில், பெருந்திரளான ஜனங்கள் வரிசை வரிசையாகத் தரையில் விரிப்பை விரித்து, தாங்கள் சேர்த்த துணிகளைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிலரிடம் டார்ச்சு விளக்கு இருந்தது; பலர் கைபேசி வெளிச்சத்திலேயே காரியம் நடத்தினார்கள். வாங்க வந்த வியாபாரிகள் தோளில் ஒரு சாக்கோடு அவ்வரிசைகளினூடே விரைந்து நடந்து, ஒரு சட்டையை உதறிப் பார்ப்பதும், ஒரு விலை கூறுவதும், உடையவள் தலையசைத்தால் அப்பால் போவதும், மறுபடி திரும்பி வந்து ஐந்து ரூபாய் கூட்டிச் சொல்வதுமாக இருந்தார்கள். இருட்டில் நடக்கும் வியாபாரம் என்றவுடன் அதில் ஏதோ கள்ளம் உண்டென்று ஐயுறுவோர் உண்டு. ஆனால் விடியுமுன் கூடுவதற்குக் காரணம் மிக எளியது. காலையில் சரக்கை விற்றுக் கையில் காசு வந்தால்தான் இவர்கள் பாத்திரக் கடையின் பாக்கியைத் தீர்த்து, அன்றைக்குப் புதுச் சரக்கு எடுத்துக்கொண்டு, பேரி என்று அவர்கள் சொல்லும் தெருச் சுற்றுக்கு நேரத்தில் புறப்பட முடியும்.

இத்தொழிலில் ஈடுபட்டிருப்போரில் மிகுதியானவர்கள் குஜராத்திலிருந்து வந்து குடியேறிய வாக்ரி சமூகத்தார். தேவிபூஜகர் என்று அழைக்கப்படுவதையே அவர்கள் கௌரவமாகக் கருதுகிறார்கள். ஆண்களும் பேரிக்குப் போவதுண்டு. ஆனால் வீட்டுக்குள்ளிருக்கும் பெண்களோடு பேசிப் பெட்டியைத் திறக்கச் செய்வது பெண்களாலேயே நன்கு நடைபெறுவதால், தொழிலின் பாரத்தில் பெரும்பகுதி அவர்கள் தலைமேல்தான் இருக்கிறது. வஜீர்பூர்த் தொழிற்பேட்டையில் உருளைகளுக்கிடையே இழுபட்டு வரும் எவர்சில்வர்த் தகடு பாத்திரமாகி, சதர் பஜாரை ஒட்டிய டெபுடி கஞ்ச் போன்ற மொத்தக் கடைகளின் வழியே சிறு கடைகளுக்கு வந்து, அங்கிருந்து இப்பெண்களின் கூடைக்குக் கடனாக ஏறுகிறது. முதல் என்று சொல்லத்தக்க பொருள் அவர்களிடம் யாதுமில்லை. நடையும் பேச்சும் கண்ணின் தீர்மானமுமே முதல்.

அந்தத் தீர்மானத்தை எங்கள் வாசலிலேயே நான் கண்டிருக்கிறேன். என் மனைவி வெகு காலம் பெட்டியில் கிடந்த காஞ்சிபுரம் பட்டுப் புடவை ஒன்றை எடுத்து வந்தபோது, அந்த அம்மாள் அதை விரித்துப் பார்க்கவே இல்லை. மடிப்பு விழுந்த இடத்தை மட்டும் இரண்டு கட்டைவிரல்களுக்கிடையே வைத்து மெல்ல இழுத்தாள். பட்டு ஒரே மடிப்பில் பல வருஷம் கிடந்தால் அம்மடிப்பில்தான் முதலில் இற்றுப்போகும் என்பதை அறிந்த கை அது. பிறகு முந்தானையின் ஜரிகையை நகத்தால் சுரண்டினாள். உள்ளேயிருந்து சிவப்பு இழை எட்டிப் பார்த்தது. உயர்ந்த ஜரிகை என்பது சிவப்புச் சாயமேற்றிய பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் ஏற்றியது. அவ்வளவு வெள்ளி இல்லாத மட்ட ரகங்களில் செம்பும் மற்றவையும் சேரும். இந்த வித்தியாசம் ஒரு கணத்தில் அவளுக்குப் புலனாகிவிட்டது.

"பஹன்ஜி, புடவை இனி உடுத்த உதவாது. கரைக்குத்தான் விலை. இந்தப் பெரிய டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள்.

"கரை ஒன்றே போதுமே, அந்த மூன்று அடுக்கும் தரலாம்" என்றாள் என் மனைவி.

"அடுக்கு வேண்டுமானால் பாயி சாஹேபின் பாண்ட் இரண்டு, ஸ்வெட்டர் ஒன்று சேர்த்துப் போடுங்கள். குளிர்காலம், ஸ்வெட்டர் நிற்காது, போய்விடும்."

இப்படியாக, கால்சட்டைகளும் கம்பளிச் சட்டையும் மேலும் ஒரு படுக்கை விரிப்பும் வெளியே வந்தன. அடுக்கு உள்ளே போனது. பணம் என்பது இருபுறத்திலும் உச்சரிக்கப்படவில்லை. ஆயினும் டப்பாவின் கனத்தை என் மனைவி கையால் தூக்கி நிறுத்ததும், புடவைக் கரையின் அகலத்தை அந்த அம்மாள் விரற்கடையால் அளந்ததும், இரண்டு தேர்ந்த வியாபாரிகளின் செயல்களே. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு: எங்களுக்குக் கிடைத்த லாபம் அப்பொழுதே அலமாரிக்குள் ஏறிவிட்டது, அவளுடைய லாபமோ நஷ்டமோ மறுநாள் விடியற்காலையில், வியாபாரி சொல்லும் விலையில்தான் நிர்ணயமாகும்.

மண்டியில் துணிகளுக்கு எத்தனையோ ஜாதிகள் உண்டு. கால்சட்டை தனி, சட்டை தனி, புடவை தனி, குழந்தை உடுப்பு தனி, கம்பளி தனி. அவற்றுள்ளும் அப்படியே விற்கத்தக்கது, தைத்து விற்கத்தக்கது, வெட்டி விற்கத்தக்கது என்று வகை உண்டு. பட்டா, செயற்கை இழையா என்ற சந்தேகம் வந்த இடத்தில், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார் ஒரு கிழவர். மயிர் பொசுங்கும் நாற்றம் எழுந்து, கரி விரலில் பொடியானதும், பேசாமல் விலையை ஏற்றினார். செயற்கை இழையாயிருந்தால் அது உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டிருக்கும். பள்ளிக்கூடத்து ரசாயன சாலையில் ஆசிரியர் செய்து காட்டும் பரிசோதனை, இங்கே பனியில் குத்துக்காலிட்டு அமர்ந்த ஒருவரின் அன்றாடக் காரியமாக இருக்கிறது.

வியாபாரி வாங்கிச் சென்றபின் தொடங்குவதுதான் இத்தொழிலின் இரண்டாம் பகுதி. சந்தையைச் சூழ்ந்த சந்துகளில் ஒரு சிறிய அறையில் நான் கண்ட தையற்காரர், ஒரு கால்சட்டையை வெளிச்சத்துக்கெதிரே பிடித்து, இருக்கையும் முழங்காலும் நைந்திருக்கின்றனவா என்று பார்த்தார். பல் உடைந்த ஜிப்பைப் பிரித்து எறிந்து, வேறொரு பழைய கால்சட்டையிலிருந்து கழற்றிய ஜிப்பைப் பொருத்தினார். தேய்ந்த பாதவிளிம்பை உள்ளே மடித்துத் தைத்தார். சட்டையில் கழுத்துப்பட்டை கிழிந்திருந்தால், அதைப் பிரித்து உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் தைப்பது ஒரு வழக்கம். வெளிறிய நீலக் கால்சட்டைகள் சாயத் தொட்டியில் முங்கி மறுபடி கருநீலமாகின்றன. விலையுயர்ந்த சால்வையிலோ கோட்டிலோ பூச்சி அரித்த ஓட்டை இருந்தால், அதே துணியின் ஓரத்திலிருந்து நூல் உருவி, பாவும் ஊடுமாக ஊசியால் நெய்து அடைக்கும் ரஃபுக்காரரிடம் அது போகும். உத்தரப் பிரதேசத்து நஜீபாபாத் இவ்வித்தைக்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூர்க் கைகள் இந்தியாவின் பல நகரங்களில் இன்றும் வேலை செய்கின்றன. கடைசியில் கஞ்சியும் இஸ்திரியும். இவ்வளவும் ஆனபின் அச்சட்டை வாரச் சந்தைகளின் தள்ளுவண்டிக்கோ, உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ராஜஸ்தானத்திலுமுள்ள சிற்றூர்களுக்கோ சென்று, கட்டட வேலைக்காரரின் நல்ல நாள் உடுப்பாகிறது.

தைத்தும் உதவாதவை வீணாகிவிடுவதில்லை. பருத்தித் துணிகளில் பொத்தானும் தையலும் அறுத்தெடுத்து, சதுரமாக வெட்டி, இயந்திரப் பட்டறைகளில் எண்ணெய் துடைப்பதற்காக எடை போட்டு விற்கிறார்கள். நைந்த பட்டுப் புடவைகளின் நல்ல பகுதிகள் தலையணை உறைகளாகவும் பைகளாகவும் மாறுகின்றன; ஜன்பத் நடைபாதையில் குஜராத்திப் பெண்கள் விரித்து விற்கும் பல வர்ண ஒட்டுத் துணிகளின் முன்னால் அந்நிய தேசத்துப் பிரயாணிகள் நின்று வியப்பதை யாரும் காணலாம். கம்பளிகளோ தில்லிக்கு வடக்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டரிலுள்ள பானிபட்டை நாடுகின்றன. பழங்கம்பளியைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நூற்கும் முறை 1813-இல் இங்கிலாந்தின் பாட்லி என்ற ஊரில் தோன்றியது. அத்தொழில் பாட்லியைச் சூழ்ந்த யார்க்ஷயரில் தேய்ந்துபோக, பானிபட் அதில் உலகத்தின் முதன்மையான ஸ்தானங்களில் ஒன்றாகிவிட்டது. அயல்நாடுகளிலிருந்து கப்பலில் வரும் பழங்கம்பளிகளும் அங்கே நூலாகி, மலிவான போர்வைகளாகின்றன.

அன்று நானும் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கினேன். 300 ரூபாய் சொன்னதை, உடன் வந்த அம்மாள் கக்கத்துத் தையலையும் உள்துணியையும் திருப்பிக் காட்டி, 200 ரூபாய்க்கு முடித்துக் கொடுத்தாள். அதன் உறுதியும் வெட்டும் புதிய கடைகளில் அந்த விலைக்கு எண்ணிப் பார்க்கக்கூடியவை அல்ல. அதை உடுத்துவதில் எனக்கு எவ்விதக் கூச்சமும் உண்டாகவில்லை; அதைச் செப்பனிட்ட கைகளை நேரில் கண்டபின் அதன்மேல் ஒரு மரியாதையே ஏற்பட்டது.

ஆனால் இத்தொழிலைச் செய்வோர் படும் துன்பம் சிறிதன்று. மூட்டையோடு ஏறினால் பஸ்ஸில் இடமில்லை என்பார்கள். முன்பு தெருக்களில் தாராளமாகப் போனவர்களை இப்பொழுது அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாயிற்காவலர் உள்ளே விடுவதில்லை. ஒவ்வொரு வாயில் அடைபடும்போதும் அவர்களது பேரியின் தூரம் கூடுகிறது. கழிப்பிடமும் குடிநீரும் விளக்கும் போதாத இடத்தில், குளிரிலும் மழையிலும், கைக்குழந்தைகளோடு அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை யாசகர் போல நடத்தும் வீடுகளும் உண்டு.

இதே தொழிலைச் செய்த பெண்களால்தான் இந்தியாவின் பெருமைக்குரிய ஓர் இயக்கம் தோன்றியது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். 1971 டிசம்பரில் அகமதாபாத்தில் பழந்துணி விற்கும் பெண்கள் கூடிய ஒரு பொதுக்கூட்டத்தில், எங்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்று அவர்களில் ஒருத்தி எழுந்து கூறியதிலிருந்தே, இலா பட் அம்மையாரின் முயற்சியால் சேவா என்னும் சுயதொழில் பெண்கள் சங்கம் பிறந்தது. முதலாளி இல்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று தொழிலாளர் இலாகா ஆட்சேபித்தது. தொழிலாளர் ஒன்றுபடுவதற்கு எதிரி ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை என்று அவர்கள் வாதாடினார்கள். 1972 ஏப்ரலில் சங்கம் பதிவாயிற்று. பின்னர் 2014-இல் பாராளுமன்றம் தெரு வியாபாரிகளின் ஜீவனத்தைக் காக்கும் சட்டத்தை இயற்றியது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எந்தத் தெரு வியாபாரியையும் அப்புறப்படுத்தலாகாது என்பதும், சுற்றி விற்போருக்கும் அதில் இடமுண்டு என்பதும் அச்சட்டத்தின் விதிகள். சட்டம் ஏட்டில் நன்றாகவே இருக்கிறது. மண்டியின் தரையில் அது இன்னும் நன்றாக இறங்க வேண்டும்.

பழைய பொருளுக்கு மதிப்பு தானாக வருவதில்லை. நாம் உபயோகித்து ஒதுக்கியதைத் தூக்கி நடந்த காலும், தரம் பிரித்த கண்ணும், தைத்த ஊசியுமே அதற்கு இரண்டாவது விலையை உண்டாக்குகின்றன. ஆகவே தில்லிவாழ் தமிழர்களுக்கு என் விண்ணப்பம் இது: கொடுக்கும் துணியைத் துவைத்துக் கொடுங்கள், பொத்தானை அறுத்து வைத்துக்கொள்ளாதீர்கள், வந்தவளுக்கு உட்கார நிழலும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்துப் பின் பேரம் பேசுங்கள், உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், வாரத்தில் ஒரு நாளாவது பேரிக்காரிகளை உள்ளே விடவேண்டுமென்று தீர்மானம் கொண்டுவாருங்கள். மாநகராட்சியாரும் அந்த மண்டிக்கு விளக்கும் குழாயும் கழிப்பிடமும் அமைத்து, உரியவர்களுக்குச் சான்றிதழ் வழங்குவார்களாக.