எந்தக் கடற்கரைக்குப் போவது?

கல்கத்தாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் நெடுங்காலம் ஒரே பொருள்தான் இருந்தது: ஊருக்குப் போவது. பள்ளி மூடிய மறுநாளே படுக்கைச் சுருளும் தண்ணீர்க் கூஜாவும் புளிச்சோற்றுப் பொட்டலமுமாக ஹௌரா நிலையத்தில் கூடிவிடுவோம். எங்கே போகிறீர்கள் என்று எவரும் எவரையும் கேட்பதில்லை. எப்போது திரும்புவீர்கள் என்பதுதான் கேள்வி.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றிய எனக்கு விடுப்புப் பயணச் சலுகை உண்டு. ஈராண்டுக்கு ஒருமுறை சொந்த ஊர் சென்று வரலாம். நான்காண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பதிலாக, இந்தியாவில் எவ்விடத்துக்கும் செல்லலாம். படிவத்தில் ‘சொந்த ஊர்’ என்ற இடத்தில் தரங்கம்பாடி என்று எழுதி எழுதிப் பழகிய கை, ‘எவ்விடமும்’ என்ற பகுதியை 1983 வரை தொட்டதே இல்லை.

அவ்வாண்டு பங்குனியில் என் மனைவி சொன்னாள்: “ஊர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குப் போனால் எனக்கு விடுமுறை இல்லை. அடுப்புதான் மாறுகிறது. இங்கே நாலு பேருக்குச் சமைக்கிறேன், அங்கே பதினாலு பேருக்கு.” குறையாகச் சொல்லவில்லை; கணக்காகத்தான் சொன்னாள். பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு. எனக்கு விடை இல்லை.

ஆகவே வீட்டில் ஆலோசனை தொடங்கிற்று. வங்காள நண்பர்கள் வேடிக்கையாகத் ‘தீபுதா’ என்பார்கள். தீகா, புரி, தார்ஜிலிங் என்ற மூன்றின் முதலெழுத்துகள். அவர்களுடைய விடுமுறை உலகம் அம்மூன்றில் அடங்கிவிடும். எங்கள் மகளுக்குத் தீகா வேண்டும். பக்கத்து வீட்டுத் தோழி அங்கே சைக்கிள் ஓட்டினாளாம். அது உண்மையாக இருக்கலாம். தீகாவின் மணல் அவ்வளவு இறுகலானது. மகனுக்குக் கோவா. இரண்டு இரவு ரயிலில் கழித்துப் போய்ச் சேர்ந்தாலும், ஜூன் தொடக்கத்தில் மழை இறங்கிவிடும் என்று அவனைச் சமாதானப்படுத்தினேன். என் மனம் கோபால்பூரை நாடிற்று. ஒரு காலத்தில் பர்மாவுக்குக் கப்பலேறிய துறைமுகம், இடிந்த கிடங்குகள், கலங்கரை விளக்கம், அமைதி. “அமைதியை வைத்துக்கொண்டு குழந்தைகள் என்ன செய்யும்?” என்றாள் மனைவி. எஞ்சியது புரி. இரவில் வண்டி ஏறினால் காலையில் கடல்.

முடிவு செய்த மறுநாள் அம்மாவின் உள்நாட்டுக் கடிதம் வந்தது. மாவடு போட்டிருப்பதாகவும், பேரப்பிள்ளைகளுக்காக ஒரு ஜாடி தனியே வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். வருவீர்களா என்று கேட்கவில்லை. வருவோம் என்ற உறுதியில் எழுதிய கடிதம் அது. படித்துவிட்டு நான் பேசாமல் இருந்தேன். மனைவிதான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, “அத்தையையும் புரிக்கு வரச் சொல்லுங்கள்” என்றாள்.

இத்தனை எளிய வழி எனக்குத் தோன்றவில்லை என்பதை இன்றும் வெட்கத்தோடுதான் நினைக்கிறேன். எங்களோடு வசிக்காத தாய்க்கு அலுவலகச் சலுகை கிடையாது, டிக்கெட் கைப்பணம். சென்னையில் என் சித்தப்பா மகன் அம்மாவை ஹௌரா மெயிலில், புவனேஸ்வரம் செல்லும் ஒரு குடும்பத்தின் துணையோடு ஏற்றிவிட்டான். குர்தா ரோடு சந்திப்பில் நான் போய்க் காத்திருந்து இறக்கிக்கொண்டேன். மாவடு ஜாடி துணி கட்டிப் பத்திரமாக வந்து சேர்ந்தது.

அம்மாவின் ஊரும் கடற்கரை ஊர்தான். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையும், அலைகள் பாதி தின்றுவிட்ட மாசிலாமணி நாதர் கோயிலும் நிற்கும் கரை. ஆடி அமாவாசை, தை அமாவாசை நீராடலைத் தவிர அம்மா கடலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. புரியில் முதல்நாள் மாலை மணலில் உட்கார்ந்தபோது அதைக் கேட்டேன். “போய் உட்கார நேரம் ஏதப்பா? கொல்லையில் பாத்திரம் தேய்க்கும்போது சத்தம் கேட்கும். அதுதான் எனக்குக் கடல்” என்றார்.

புரியின் அலை முரட்டுத்தனமானது. கரையருகிலேயே ஆழம் சட்டென்று கூடும். அதனால் நுலியாக்கள் எனப்படும் மீனவர்கள், கூம்பு வடிவத் தொப்பி அணிந்து, குளிப்பவரைக் கைப்பிடித்து அலைக்குள் அழைத்துச் செல்வார்கள். அவர்கள் பேசுவது தெலுங்கு. தலைமுறைகளுக்கு முன் தெற்கிலிருந்து வந்து தங்கியவர்கள். அம்மாவின் கையைப் பிடித்தவர் முதியவர். அவருடைய தெலுங்கும் அம்மாவின் தமிழும் எப்படியோ பொருந்திப் போயின. “இவங்களும் நம்ம மாதிரி வந்த சனம்தான்” என்றார் அம்மா. அறுபத்தாறு வயதில், அமாவாசையும் இல்லாமல் விரதமும் இல்லாமல், அவர் கடலில் நின்று சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

உணவுக்கு ஜகந்நாதர் கோயில் ஆனந்த பஜாரிலிருந்து மகாபிரசாதம் வாங்கிவருவோம். மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகுத் தீயில் வேகவைத்த சோறும் பருப்பும் காய்கறியும். சாதி வேற்றுமை பாராமல் எல்லோரும் உடனிருந்து உண்பது அப்பிரசாதத்தின் மரபு. முதல்நாள் வாழையிலையில் சோறு வந்தபோது என் மனைவி பழக்கத்தால் பரிமாற எழுந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “உட்காரம்மா. நானும் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து நின்றுகொண்டேதான் இருந்தேன்” என்றார். மாமியாரும் மருமகளும் அருகருகே அமர்ந்து, தம்மில் எவரும் சமைக்காத சோற்றை மாவடு தொட்டு உண்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்கள் பேசியதைவிட அந்த ஆறு நாட்களில் அதிகம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லப்படவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா 1991இல் காலமானார். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிய அந்தச் சின்ன ரயிலும் அதற்கு முன்பே நின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தக் கரையைத் தாக்கிய செய்தி கேட்டபோது, கொல்லையில் கேட்ட அந்தச் சத்தத்தைத்தான் முதலில் நினைத்தேன்.

இப்போது இடம் தேர்ந்தெடுப்பது என் மகனின் வேலை. கைப்பேசியிலேயே அறையின் படத்தையும் அலையின் படத்தையும் பார்த்துவிடுகிறான். நான் சொல்வது இரண்டே செய்திகள். முதலாவது, வங்கக் கடலில் மே மாதம் புயலுக்கும் உரிய மாதம். 2019 மே 3இல் பானி புயல் புரியிலேயே கரை கடந்தது. 2021 மே 26இல் யாஸ் புயலின்போது தீகாவுக்குள் கடல் புகுந்தது. ஆகவே வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டும். கரையில் ஆபத்துக் கொடி பறந்தால் நீரில் இறங்கலாகாது.

இரண்டாவது, எந்தக் கடற்கரை என்று கேட்கும் முன், வீட்டில் யாருக்கு இதுவரை விடுமுறை கிடைக்கவில்லை என்று கேட்க வேண்டும். சென்ற ஆண்டு மகன் அதைக் கேட்டான். அவன் மனைவி ஒரு கணம் யோசித்து, “எங்கம்மாவுக்கு” என்றாள். இவ்வாண்டு மூன்று டிக்கெட்டுகளோடு நான்காவதும் எடுத்திருக்கிறார்கள்.