எந்த ஃபோனிக்ஸ் வாங்கலாம் டீச்சர்?



பேரன் திண்ணையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிற படத்தைப் பொங்கலன்று இங்கே போட்டாலும் போட்டேன், இன்பாக்ஸ் நிரம்பிவிட்டது. "எந்த ஃபோனிக்ஸ் வாங்கினீங்க டீச்சர்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். பெங்களூரில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி, துபாயில் இருக்கும் நாத்தனார் மருமகள், இன்னும் நாலைந்து பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டினால் விரல் வலிக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிவாகப் போட்டுவிடுகிறேன். நீளம்தான். டீ வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

தெரியாதவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்ததால் மகள் பேரனோடு ஆரணிக்கே வந்துவிட்டாள். பையனை இங்கே ஓர் ஆங்கிலப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். பள்ளியின் பெயர் வேண்டாம். ஆடி மாதம் கூப்பிட்டு, "பையனுக்கு ரீடிங் வரல, தனியா ஃபோனிக்ஸ் கிளாஸ் வைங்க, இல்லன்னா திரும்ப யூகேஜியிலதான் உட்கார வைக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மகள் ராத்திரி முழுக்க அழுதாள். மறுநாளே எங்கிருந்தோ ஓர் ஆன்லைன் கம்பெனி போன் செய்தது. 48 வகுப்பு, பதினெட்டாயிரம் ரூபாய், இன்றைக்கே கட்டினால் பதினாறாயிரம். மாப்பிள்ளை அனுப்புகிற பணத்தில் பாதிக்கு மேல் கடனுக்கே போகிற நேரம் அது. ஆனாலும் கட்டத் தயாராகிவிட்டாள். போனில் பேசிய பெண் கடைசியாக ஒன்று சொன்னாள்: "வீட்ல தமிழ் எழுத்து இப்போதைக்குச் சொல்லித் தராதீங்க மேடம், குழந்தை கன்ஃபியூஸ் ஆகிடும்."

முப்பத்திரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் பக்கத்தில் இருக்கும்போது இதைச் சொல்லியிருக்கக் கூடாது. "பத்து நாள் எனக்குக் கொடு, அப்புறம் கட்டிக்க" என்றேன் மகளிடம்.

முதலில் காதையும் கண்ணையும் டாக்டரிடம் காட்டினோம். இரண்டும் சரியாக இருந்தன. இதை யாரும் தவிர்க்காதீர்கள். பலகை தெரியாமலே மக்கு என்று பெயர் வாங்கிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, இவனுக்கு உண்மையில் என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும். பள்ளிக் கதைப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கடகடவென்று படித்தான். படத்தைக் கையால் மறைத்தேன், வாய் நின்றுவிட்டது. முழுக்க மனப்பாடம். இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒரு சோதனை வைக்கிறார்கள். 40 சொற்கள். அதில் 20 அர்த்தமே இல்லாதவை, பக்கத்தில் ஏதாவது பூதத்தின் படம் போட்டிருக்கும். அர்த்தமில்லாத சொல்லை மனப்பாடம் செய்திருக்க முடியாது அல்லவா, ஒலியைக் கூட்டித்தான் படிக்க வேண்டும். அதேபோல நானும் "நிஸ்", "டாப்பின்" என்று ஐந்தாறு சொல் எழுதிக் காட்டினேன். ஒன்றுகூட வரவில்லை. எழுத்துகளின் பெயர் இருபத்தாறும் தெரியும், ஒலி தெரியாது. இது அறிவுக்குறைவு இல்லை, யாரும் சொல்லித் தராத ஒன்று என்று மகளுக்குப் புரிய வைத்ததே பெரிய வேலை.

ஃபோனிக்ஸ் என்றால் என்னவோ புதுச் சரக்கு என்று பயப்படாதீர்கள். எழுத்துக்கு ஒலி, ஒலிகளைக் கூட்டினால் சொல். அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலி சுமார் 44. தகராறு அங்கேதான். படத்தையும் சொல்லின் தோற்றத்தையும் பார்த்து ஊகித்துப் படிக்க விட்டால் போதும் என்று ஒரு கட்சி அங்கே வெகுகாலம் வாதாடியது. 2000-ல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு அறிக்கையும், 2006-ல் இங்கிலாந்தின் ரோஸ் அறிக்கையும் ஒலிமுறையை ஒழுங்காகச் சொல்லித் தருவதன் பக்கம் நின்றன.

இனி, எதை வாங்குவது. பாட்டு வீடியோக்களைத்தான் முதலில் பார்த்தோம். 'ஏ ஃபார் ஆப்பிள்' பாட்டை ராகம் தப்பாமல் பாடுவான், ஆடுவான். சந்தோஷம். ஆனால் பாட்டு அவனுக்கு வந்தது, படிப்பு வரவில்லை. பிறகு ஒரு செயலி. சரியாகத் தொட்டால் தங்கக் காசு கொட்டும். நாலு படத்தில் ஒன்று சரி. தொட்டுத் தொட்டுப் பார்த்தால் எப்படியும் கிடைத்துவிடும். முந்நூறு காசு சேர்த்தான், மூன்றெழுத்துச் சொல் ஒன்று படிக்கவில்லை. குழந்தை சிரிக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான். எதற்காகச் சிரிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடைசியில் நான் எடுத்துக்கொண்டது ஜாலி ஃபோனிக்ஸ் வரிசை. லோவ்ஸ்டாஃப்ட் என்று இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு மீன்பிடி ஊர். அங்கே பள்ளியில் பாடம் நடத்திய சூ லாய்ட், சாரா வெர்னம் என்ற இரண்டு ஆசிரியைகள் எழுதி 1992-ல் வந்தது. 42 ஒலிகள், ஏழு தொகுதி. ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு சைகை உண்டு. 'ஸ்' என்றால் கை பாம்பு மாதிரி நெளிய வேண்டும். 'ட்' என்றால் டென்னிஸ் பார்ப்பதுபோலத் தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம். 'ப்' என்றால் மெழுகுவத்தியை ஊத வேண்டும். 'ன்' என்றால் கையை விரித்து விமானம். ஆசிரியை வாங்கிவந்த பொருள் இல்லை, குழந்தையின் உடம்பே பொம்மை. பேரன் வீட்டுக்குள் விமானமாகப் பறந்து அரிசி டப்பாவைக் கவிழ்த்தது தனிக்கதை.

என்னைக் கவர்ந்தது சைகையைவிட வரிசைதான். எழுத்தை ஏ, பீ, சீ என்று தொடங்கவில்லை. எஸ், ஏ, டீ, ஐ, பீ, என். இந்த ஆறு ஒலி தெரிந்தால் அன்றைக்கே டின், பின், ஸிட், டிப், நிப், ஸ்பின் எல்லாம் படித்துவிடலாம். இதைப் பார்த்ததும் எனக்கு யார் ஞாபகம் வந்தது தெரியுமா? நீங்கள்தான். அ, ஆ முழுக்க முடியட்டும் என்று காத்திருக்காமல் உங்களுக்கு முதல் வாரமே ட, ப, ம என்று சொல்லிக் கொடுத்தேனே! படம், பட்டம், மடம், மட்டம். நாலாவது நாள் வீட்டுக்குப் போய், "யம்மா, நான் படிக்கிறேன்" என்று கத்தினீர்களே, அதே தந்திரம்தான். 2007-ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்து அட்டைகள் குவிந்தபோதும், பிள்ளை சீக்கிரம் ஒரு சொல்லைத் தானாகப் படித்துவிட வேண்டும் என்பதில்தான் என் கண் இருந்தது. தானாகப் படித்த முதல் சொல்லுக்கு இணையான மிட்டாய் கிடையாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நம் வாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. மெய் ஒலியைத் தனியாகச் சொல்லச் சொன்னால் பின்னால் ஓர் உகரத்தை ஒட்டிவிடுவோம். 'ப்' என்பது 'பு' ஆகிவிடும். பஸ்ஸு, பல்பு, ஸ்கூலு என்று பேசுகிறவர்கள்தானே. பல ஃபோனிக்ஸ் வீடியோக்களிலும் 'புஹ்', 'டுஹ்' என்றே சொல்கிறார்கள். பு, இ, னு. கூட்டிப் பாருங்கள், 'புயினு' என்றுதான் வரும், ஜென்மத்துக்கும் 'பின்' வராது. பேரன் இரண்டு நாள் 'புயினு' என்றே நின்றான்.

மூன்றாம் நாள் பலகையில் ஆங்கில எழுத்துக்குக் கீழே தமிழில் 'ப்' என்று எழுதினேன். ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. மெய்க்குப் புள்ளி வைக்கச் சொல்லித் தொல்காப்பியமே விதி வைத்துவிட்டது. புள்ளி இருந்தால் உதட்டை மூடு, உயிரைச் சேர்க்காதே. ப், இ, பி. பி, ன், பின். க்-கும் அ-வும் சேர்ந்தால் க என்று நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்களே, வெள்ளைக்காரர் பிளெண்டிங் என்று புத்தகம் போட்டு விற்பது அதைத்தான். தமிழ் படித்தால் குழம்பிவிடும் என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கு இதை யாராவது சொல்லுங்கள்.

ஆனால் இவனுக்குத் தமிழ் எழுத்தும் அரைகுறை. மகள், "அம்மா, ரெண்டையும் சேர்த்துப் போட்டுக் கெடுத்துடாதே" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வாதாடிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவளைக் கேட்க வைத்தது பக்கத்து வீட்டுப் பாப்பா.

பக்கத்து வீடு தறிக்காரர் வீடு. அவர் பட்டு நெய்கிறார், மனைவி தார் சுற்றுகிறார். பாப்பா அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. சாயங்காலம் எங்கள் திண்ணையில் நடக்கிற கூத்தைக் கேட்டு எட்டிப் பார்க்கும். ஒருநாள் அந்த அம்மா தயங்கிக்கொண்டே, "இதுக்கு எவ்ளோ ஆவும் டீச்சரம்மா? எங்களால கட்ட முடியாது. பாப்பா சும்மா ஓரமா உக்காந்து பாக்கட்டுமா?" என்று கேட்டார். ஓரமா என்ன, நடுவிலேயே உட்கார வைத்தேன். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியாகத் தமிழைப் பிடித்த பிள்ளை அது. ஆங்கில ஒலி ஆறைச் சொல்லிக் கொடுத்தேன், இரண்டாம் நாளே 'ஸ்பின்' என்று கூட்டிவிட்டது. மூன்று மாதமாக ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறவன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். என் மகள் அடுப்படியிலிருந்து பார்த்தாள். மறுநாள் காந்தி ரோட்டுப் பக்கம் போனவள் காய்கறியோடு ஓர் அ, ஆ சார்ட்டும் வாங்கிவந்து, ஒன்றும் பேசாமல் சுவரில் ஒட்டினாள். நானும் ஒன்றும் பேசவில்லை.

அன்றிலிருந்து வகுப்பு இருவருக்கும். மாலை 6 மணி, பதினைந்தே நிமிடம். இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்திவிடுவேன். தறிக்காரர் ஜக்கார்டு பெட்டிக்கு அடிக்கிற அட்டையில் ஓட்டை போடாததைக் கொஞ்சம் கொடுத்தார். கெட்டியான அட்டை, கிழியாது, அதில்தான் எல்லா எழுத்தும் எழுதியிருக்கிறேன். காலித் தார்க்குச்சிகளும் கொடுத்தார். சொல்லைக் காதால் கேட்டு, ஓர் ஒலிக்கு ஒரு குச்சியைத் தள்ள வேண்டும். 'ஷிப்' என்றால் எழுதுகிற எழுத்து நாலு, குச்சி மூன்று. ஏன் என்று பாப்பாதான் முதலில் கண்டுபிடித்தது, இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே ஒலி என்று.

தமிழ் கை கொடுக்காத இடமும் உண்டு. நமக்கு ஒரே 'ப' தான், ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து. இதற்குத் தொண்டையில் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். பால் என்றால் உதடு பிரிந்த பிறகுதான் தொண்டை அதிரும், பக்கெட் என்றால் உதடு மூடியிருக்கும்போதே அதிரும். வித்தியாசம் பிள்ளைகளின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் காட்டிக் கொடுத்தால் போதும். 'தி', 'ஒன்', 'வாஸ்' போன்ற அடங்காத சொற்களை வாரத்துக்கு இரண்டு என்று பார்த்துப் பழகுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

புத்தகம் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். படம் அழகாக இருக்கும், முதல் வரியிலேயே யானைக்கு ஆங்கிலத்தில் எட்டெழுத்துச் சொல் இருக்கும். பிள்ளை மறுபடி ஊகிக்க ஆரம்பித்துவிடும். முதல் இரண்டு மாதம், தெரிந்த ஒலிகள் மட்டும் வருகிற வாக்கியங்களைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நானே எழுதித் தைத்தேன். அதன் பிறகு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர். 2015 முதல் இருக்கிறது, தமிழிலும் ஆங்கிலத்திலும் நூற்றுக்கணக்கில் கதைகள், எல்லாம் இலவசம். ஒரே கதையை இரண்டு மொழியிலும் படிக்கலாம். கூகுள் 2019-ல் 'போலோ' என்று இந்தியாவில் விட்டு, பிறகு 'ரீட் அலாங்' என்று பெயர் மாற்றிய செயலி, பிள்ளை உரக்கப் படிப்பதைக் கேட்டுத் திருத்தும். ஆனால் அது கூட்டிப் படிக்க வந்த பிறகு. அதற்கு முன்னால் எந்தப் போனும் வேண்டாம் என்பது என் கட்சி.

இப்போது நிலவரம். பாப்பா நாற்பத்திரண்டு ஒலியும் முடித்துவிட்டது. பேரன் ஐந்தாம் தொகுதியில் இருக்கிறான். பீ-யையும் டீ-யையும் திருப்பிப் போடுவது இன்னும் போகவில்லை. இந்த வயதில் அது சகஜம், நான் பதறவில்லை. ஆறேழு மாதம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தும் ஒலியே கூட்ட வராத பிள்ளை என்றால் வேறு காரணம் இருக்கலாம். அடிக்காமல், திட்டாமல், சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போல விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். பள்ளியில் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு யூகேஜி பேச்சை யாரும் எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. போன ஞாயிறு வீடியோ காலில் அப்பாவுக்கு ஒரு முழுப் பக்கம் படித்துக் காட்டினான். மாப்பிள்ளை, "படத்தை மறைச்சிட்டுப் படிக்கச் சொல்லுங்க அத்தை" என்றார். மறைத்தேன். படித்தான்.

அட்டைகளின் படம் வேண்டும் என்கிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஒலியை எப்படிச் சொல்வது என்று குரல் பதிவும் அனுப்புகிறேன், உகரம் ஒட்டாமல். மாலை 6 மணியிலிருந்து 6.15 வரை மட்டும் போன் செய்யாதீர்கள். எடுக்க மாட்டேன்.