பால்

ஆந்தைக் குஞ்சுக்குப் பால் கொடுக்கக் கூடாது என்பது எனக்கு முப்பது வருஷங்களுக்கு மேல் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோது முதலில் வந்தது வருத்தமல்ல, எரிச்சல். என் நினைவில் நான் ஒரு நல்ல காரியம் செய்தவனாக இருந்துகொண்டிருந்தேன். அந்த இடத்தைக் காலி செய்யச் சொன்னது போலிருந்தது.

1989 ஏப்ரல். ஓசூர் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சிப்காட்டில் வேலை, பாகலூர் ரோட்டுப் பக்கம் வரிசை வீடுகளில் ஒன்றில் குடித்தனம். செகண்ட் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தபோது புளியமரத்தடியில் நாலைந்து பேர் டார்ச் அடித்துக்கொண்டு நின்றார்கள். கீழே உள்ளங்கையளவு புள்ளி ஆந்தைக் குஞ்சு. பறக்க முடியவில்லை. கண்களை மட்டும் எங்கள்மேல் வைத்திருந்தது. வீட்டுக்காரம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு. தனக்கு வந்த தமிழில் சொன்னார்: "தொடாதீங்க சார். இருந்த எடத்துலயே விட்டுட்டு உள்ள வாங்க. வீட்டுக்கு ஆகாது."

எனக்கு அப்போது பகுத்தறிவும் நவீனக் கவிதையும் ஒரே சமயத்தில் ஏறியிருந்த பருவம். அபசகுனம் என்ற சொல்லுக்கு எதிராக அங்கேயே, டார்ச் வெளிச்சத்தில், ஒரு சிறு பிரசங்கம் செய்துவிட்டுக் குஞ்சை அறைக்குக் கொண்டுபோனேன். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி, பழைய பனியன், இங்க் ஃபில்லரில் பசும்பால். மூன்றாம் நாள் காலையில் அது செத்துக் கிடந்தது. நண்பர்களிடம் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கதையில் குற்றவாளி வீட்டுக்காரம்மாவின் மூடநம்பிக்கைதான்.

இப்போது தெரிந்தவற்றைச் சொல்கிறேன். பறவைக்குப் பால் செரிக்காது. மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே இருப்பதால், அலகைத் திறந்து ஊற்றும் திரவம் நேரே நுரையீரலுக்குப் போகலாம். புள்ளி ஆந்தை தின்பது வண்டு, பல்லி, சுண்டெலி. எல்லாவற்றையும்விட முக்கியம், அது அநாதையல்ல. பறக்கத் தெரியுமுன்பே பொந்தைவிட்டு வெளியே வந்து விழுவது இந்தக் குஞ்சுகளின் சுபாவம். தாயும் தகப்பனும் மேலே கிளையில் இருந்துகொண்டு, மனிதர்கள் விலகியதும் இறங்கி வந்து ஊட்டும். அன்றிரவு மரத்தில் ஏதோ கத்திக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கத்தலைச் சூழலின் அழகாக எடுத்துக்கொண்டேன்.

ஆக, பயந்த பெண்மணி சொன்னதுதான் சரி. காரணம் தவறு, காரியம் சரி. என்னுடையது நேர்மாறு. இதை எழுதும்போதுகூட, மூடநம்பிக்கைக்குச் சலுகை கொடுக்கிறேனோ என்று கை தயங்குகிறது. அப்படியல்ல. அவருடைய பயம் குஞ்சைத் தொடவில்லை. என் கருணை தொட்டது. சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்த ஸ்தாபனமும் அல்ல. 2022 மார்ச்சில் எங்கள் தெருவில் இன்னொரு குஞ்சு விழுந்தது. ஓசூரில் இப்போது சில இளைஞர்கள் இருக்கிறார்கள். லேத் பட்டறைக்காரர் ஒருவர், ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பையன் ஒருவன். ஏரிக்கரைகளிலும் கேழ்வரகு விளைந்த நிலங்களிலும் மனைபோட்டு வீடு கட்டுகிறார்கள். எலி வருகிறது, பின்னால் சாரை வருகிறது. தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் போகிறது, இவர்களும் ஓடுகிறார்கள். பிடித்த பாம்பைச் சானமாவுக் காட்டில் கொண்டுபோய் விட்டால் பெருந்தன்மையாகத் தோன்றும். ஆனால் தன் வட்டாரத்தைவிட்டுத் தூரத்தில் விடப்படும் பாம்பு வழி தெரியாமல் அலைந்து சாக நேரிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் பக்கத்துப் புதரைத்தான் தேடுகிறார்கள்.

அன்றைக்கும் எதிர்வீட்டு அம்மாள், கன்னடம் பேசுகிறவர், ஆந்தை கூடாது என்றார். நான் வாயைத் திறக்குமுன் ஒடிசாப் பையன் கேட்டான்: "அம்மா, பழைய கூடை இருக்கா?" அவர் யோசித்துவிட்டு, கைப்பிடி போன பிளாஸ்டிக் கூடையைக் கொண்டுவந்தார். அடியில் ஏற்கெனவே ஓட்டைகள் இருந்தன, தண்ணீர் தேங்காது. காய்ந்த இலை பரப்பி, குஞ்சை வைத்து, பொந்திருந்த வேப்பமரத்திலேயே எட்டின உயரத்தில் கட்டினான். பூனை ஏறாமலிருக்க அடிமரத்தில் தகரம் சுற்றினான். பிறகு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னான். காப்பாற்றுவதில் பெரும்பகுதி அந்தப் போவதுதான் என்று அன்று தோன்றியது.

துணி காயப்போடும் கொடி மரத்துக்கு நேராக இருந்ததால், தாய் வந்ததா என்று பார்க்கும் பொறுப்பு எதிர்வீட்டு அம்மாளுக்கே வந்துவிட்டது. முதல் நாள் வரவில்லை என்றார். இரண்டாம் நாள் மாலை என் வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "பந்து பந்து" என்றார். வந்துவிட்டதாம். அவர் குரலில் இருந்தது பக்தியா, பயமா, சந்தோஷமா என்று எனக்குப் புரியவில்லை. அவரிடம் யாரும் பிரசங்கம் செய்யவில்லை என்பது மட்டும் தெரியும்.

இதைப் பெரிதுபடுத்த மாட்டேன். இதே ஓசூர்ப் பகுதிக் காட்டில் மின்சாரத்துக்குத் தாயைப் பறிகொடுத்த யானைக்குட்டி ஒன்று, 2017-இல் முதுமலைத் தெப்பக்காட்டுக்குப் போய் பொம்மன், பெள்ளி தம்பதியிடம் வளர்ந்தது. ரகு என்ற அதன் பெயர் ஆவணப்படத்தால் உலகத்துக்கே தெரிந்தது. அந்தப் படத்துக்கு 2023 மார்ச்சில் ஆஸ்கார் கிடைத்தது. அதற்குச் சில நாட்கள் முன்னால், அதே மார்ச் 7-ஆம் தேதி, தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் உடல்களை விட்டுப் போகாமல் நின்றன. அந்த மாதமே தருமபுரிப் பக்கம் மீட்கப்பட்ட வேறொரு குட்டி தெப்பக்காட்டுக்குப் போய், தேர்ந்த கைகள் இருந்தும், வயிற்றுப்போக்கில் இறந்தது. கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் இந்தப் பக்கம் இறங்குகின்றன. ஒரு வருஷ உழைப்பை ஒரே இரவில் இழக்கும் குடியானவனிடம் கூடை கேட்க முடியாது. அங்கே கேட்க வேண்டியது நஷ்ட ஈடும், யானை நடக்க இடைவெளியும். அதைக் கேட்க வேண்டிய வாசல்கள் வேறு.

சிப்காட்டுக்கு வந்த நாங்களும் கூடு விட்டு விழுந்தவர்கள்தானே என்று ஒரு உவமை இங்கே சுலபமாக வருகிறது. சுலபமாக வருவதாலேயே அதை நம்பவில்லை. நாங்கள் சம்பளத்துக்கு வந்தோம். ஆந்தை எங்கேயும் போகவில்லை, மரம்தான் போனது.

1989-இன் புளியமரம் இருந்த இடத்தில் இப்போது உதிரி பாக கோடவுன். வீட்டுக்காரம்மா காலமாகிவிட்டார். அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு வாக்கியமாகக்கூட என்னால் அமைக்க முடியவில்லை. வேப்பமரத்துக் கூடை வெயிலில் வெளுத்து இன்னமும் தொங்குகிறது. அவிழ்க்க வேண்டாம், அடுத்த மாசிக்கு ஆகும் என்று எதிர்வீட்டு அம்மாள் சொல்லியிருக்கிறார்.